‘குறைந்த பொறுப்புள்ள ஏலதாரர்’ யார்?

கலிபோர்னியாவின் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நிர்வாகச் செய்திகளைத் தமிழில் சொல்கிறவர்கள் கூடிவருவது மகிழ்ச்சி. ஆனால் ஒரு தொடர் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: “சாலைப் பணி, குறைந்த பொறுப்புள்ள ஏலதாரருக்கு வழங்கப்பட்டது.” போன வாரம் ஒரே காணொளியில் மூன்று முறை கேட்டேன். தமிழ் தெரிந்த எவரும் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? வந்தவர்களிலேயே பொறுப்பு கம்மியான ஆளாகப் பார்த்து மக்கள் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான். சட்டம் சொல்வது அதற்கு நேர் எதிர்.

ஆங்கில மூலத்தில் இருப்பது ‘லோயஸ்ட் ரெஸ்பான்சிபிள் பிட்டர்’. பிட்டர் என்பவர், பணியைச் செய்ய விலை சொல்லிப் போட்டியிடுகிறவர். இதில் ‘லோயஸ்ட்’ என்பது விலையைக் குறிக்கிறது, ‘ரெஸ்பான்சிபிள்’ ஆளைக் குறிக்கிறது. இரண்டு தனித்தனி அளவுகோல்கள். தமிழிலோ ‘குறைந்த’ என்ற அடை, பக்கத்தில் நிற்கும் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும். ‘குறைந்த வருமானமுள்ளவர்’ என்றால் வருமானம்தான் குறைவு. ஆளின் உயரம் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சொல்லுக்குச் சொல் வைத்தால் இப்படித்தான் பொருள் தலைகீழாகும்.

‘ரெஸ்பான்சிபிள்’ லத்தீனில் ‘பதில் சொல்’ என்னும் வேரிலிருந்து வந்தது. பதில் சொல்லத்தக்கவர், நம்பத்தக்கவர், ஏற்றதைச் செய்து முடிக்க வல்லவர் என்று பொருள் விரிந்தது. நம் ‘பொறுப்பு’ பொறு என்ற வினையில் பிறந்தது. சுமையைத் தாங்குவது அதன் உள்ளம். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகும். இங்கே ஒத்துப்போகாது.

ஏன் என்று கலிபோர்னியாவின் பொது ஒப்பந்தச் சட்டத் தொகுப்பே காட்டுகிறது. அதன் 1103-ஆம் பிரிவு, இந்தச் சொல்லுக்கு நம்பகத்தன்மை, தரம், தகுதி, திறன், அனுபவம் ஆகியவற்றை நிரூபித்தவர் என்று விளக்கம் தருகிறது. இயந்திரம் இருக்கிறதா, ஆள் இருக்கிறதா, இதற்கு முன் பாலம் கட்டியிருக்கிறாரா என்பதுதான் கேள்வி. ‘பொறுப்பான ஏலதாரர்’ என்று திருத்தி எழுதுகிறவர்களும் உண்டு. தலைகீழ்ப் பொருள் போய்விடும், சரி. ஆனால் ‘பொறுப்பான பிள்ளை’ என்று நாம் சொல்வது குணத்தை. கவுண்டி குணத்துக்கு மட்டும் சான்றிதழ் தரவில்லை. வேலையை முடிக்கும் தகுதியைப் பார்க்கிறது. ஆகவே இங்கே ‘தகுதி’தான் சரியான சொல்.

இந்தத் தகுதி ஒப்பிட்டுப் பார்ப்பதும் அல்ல. இங்கிள்வுட் நகரமும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியும் சேர்ந்து குடிமை மையம் கட்ட அமைத்த அமைப்பு, குறைந்த விலை சொன்னவரை விட்டுவிட்டு, இன்னொருவர் கூடுதல் தகுதி உள்ளவர் என்று அவருக்குப் பணியைக் கொடுத்தது. வழக்கு கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972-ல் தீர்ப்பு வந்தது: குறைந்த விலை சொன்னவர் தகுதியுள்ளவராக இருந்தால் அவருக்குத்தான் பணி, அவரைவிடத் தகுதி கூடியவர் இருக்கிறார் என்பது காரணமாகாது. தகுதியில்லை என்று ஒதுக்குவதாக இருந்தால், அதற்கான ஆதாரத்தை அவருக்குச் சொல்லி, மறுக்க வாய்ப்பும் தர வேண்டும். இதைப் படித்தபின் ‘மிகவும் பொறுப்பான ஏலதாரர்’ என்ற இன்னொரு மொழிபெயர்ப்பும் விழுந்துவிடுகிறது. ‘மிகவும்’ என்பதைத்தான் நீதிமன்றம் கூடாது என்றது.

இனி ‘ஏலதாரர்’. எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். ஏலம் போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்’ வழியாக வந்த சொல் என்பார்கள். வந்த சொல் என்பதால் நான் அதை வெறுக்கவில்லை. நெடுங்காலம் நம்மோடு இருந்துவிட்டது. பொருள்தான் இடிக்கிறது. ஏலத்தில் விற்கிறவர் ஒருவர், கேட்கிறவர் பலர், விலை ஏறும், எல்லாம் வாய்விட்டு நடக்கும். கவுண்டியின் கொள்முதலில் வாங்குகிறவர் ஒருவர், தருகிறவர் பலர், குறைந்த விலை வெல்லும், மூடிய உறையில் தந்த விலையை, உறைகளைத் திறந்தபின் மாற்ற முடியாது. ஏலச்சீட்டில் தள்ளிக் கேட்பதில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்கிறார்கள். ஆனால் அங்கேயும் அடுத்தவர் கேட்டதைக் காதால் கேட்டுவிட்டு நாம் மாற்றிக் கேட்கலாம். மூடிய உறையில் அது கிடையாது.

இன்னொரு சிக்கல், அதே கவுண்டி உண்மையாகவே ஏலமும் விடுகிறது. ஐந்தாண்டு சொத்துவரி கட்டாமல் விடப்பட்ட மனைகளைக் கவுண்டியின் வரி வசூல் அலுவலர் ஏலத்தில் விற்க முடியும். பழைய வண்டிகளையும் இப்படி விற்பதுண்டு. விற்பதையும் வாங்குவதையும் ஒரே சொல்லால் சொன்னால், ‘கவுண்டி ஏலம்’ என்ற தலைப்பைப் பார்க்கிறவர் வீட்டுமனையை நினைப்பாரா, சாலைப் பணியை நினைப்பாரா?

நம்மிடம் சொல்லா இல்லை? தமிழ்நாட்டில் ‘ஒப்பந்தப்புள்ளி’ அரசாணையிலும் செய்தித்தாள் விளம்பரத்திலும் ஊறிப்போன சொல். 1998-ல் வந்த வெளிப்படைத்தன்மைச் சட்டமே ஒப்பந்தப்புள்ளிகளுக்கானது. விலை மட்டும் கேட்டால் ‘விலைப்புள்ளி’. புள்ளி என்றால் கணக்குப் போட்டு எழுதிய தொகை. ‘புள்ளிவிவரம்’ என்பதில் இருப்பதும் அதுவே. இலங்கையில் ‘கேள்விப்பத்திரம்’, ‘விலைமனு’ என்கிறார்கள். ‘விலைமனு’ எனக்கு மிகவும் பிடித்தது. சின்னது, தெளிவானது, ‘விலைமனுதாரர்’ என்று ஆளைச் சொல்லவும் வளைகிறது.

ஆக, ‘தகுதியுள்ள விலைமனுதாரர்களில் குறைந்த விலை சொன்னவர்’ என்று எழுதுங்கள். நீளம்தான். ஆனால் யாருக்கும் தப்பாகப் புரியாது. கூடவே வரும் ‘ரெஸ்பான்சிவ்’ என்பதை ‘பதிலளிக்கும்’ என்று போடாதீர்கள். அது மனுவைப் பற்றியது: கேட்ட படிவங்கள், உத்தரவாதத் தொகை எல்லாம் உள்ள மனு. ‘நிபந்தனைக்கு இணங்கிய விலைமனு’ போதும்.

இந்தக் கோளாறு இந்த ஒரு தொடரோடு நிற்கவில்லை. ‘போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ்’ உடனே ‘மேற்பார்வையாளர் வாரியம்’ ஆகிவிடுகிறது. நமக்கு மேற்பார்வையாளர் என்றால் வேலைத்தளத்தில் நிற்கும் ஊழியர். அங்கே அவர்கள் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பதினொருவர், லாஸ் ஏஞ்சலஸ் உட்பட மற்றக் கவுண்டிகளுக்கு ஐவர். ‘கவுண்டி ஆட்சிக் குழு’ என்றால் பொருள் நிற்கும்.

‘கன்சென்ட் காலண்டர்’ என்பதை ஒருவர் ‘ஒப்புதல் நாட்காட்டி’ ஆக்கியிருந்தார். அது நாட்காட்டியே இல்லை. நிகழ்ச்சி நிரலில் உள்ள வழக்கமான பொருள்களை ஒரே கட்டாகச் சேர்த்து, விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேற்றும் பட்டியல். பல ஒப்பந்தங்கள் இதில்தான் கடந்துபோகின்றன. வழக்கமான கூட்டங்களுக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும் என்று, உள்ளாட்சிக் கூட்டங்களை மக்களுக்குத் திறந்துவைக்கும் கலிபோர்னியாவின் பிரவுன் சட்டம் சொல்கிறது. வாக்கெடுப்புக்கு முன் பொதுமக்கள் பேசலாம், உறுப்பினர் ஒருவர் கேட்டால் ஒரு பொருளைக் கட்டிலிருந்து பிரித்துத் தனியாக எடுக்கலாம். தன் தெருச் சாலைக்கான ஒப்பந்தம் அந்தக் கட்டில் இருப்பது தெரியாமல், ‘நாட்காட்டி’ என்று படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறவர் அந்த வாய்ப்பை இழந்துவிடுகிறார். ‘விவாதமின்றி ஒப்புதல் பெறும் பொருள்கள்’ என்று எழுதியிருந்தால் நின்று பார்த்திருப்பார்.