ஜீவனாம்சம்: மனு போடும் தேதியும் பன்னிரண்டு மாதக் கணக்கும்

கணவர் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம், நாலு வருடம் ஆன பிறகுதான் பல பெண்கள் வக்கீல் அலுவலகப் படியேறுகிறார்கள். "வந்துடுவார்னு பார்த்தேன்" என்பார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஜீவனாம்சத்துக்குக் கோர்ட் கணக்குப் பார்ப்பது அவர் போன நாளிலிருந்து அல்ல, நீங்கள் மனு போட்ட நாளிலிருந்து. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. காத்திருந்த மாதங்களுக்கு இந்த வழியில் பணம் கிடைக்காது. மனு போட்டால் அவர் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். வந்து ஒழுங்காகக் குடும்பம் நடத்தினால் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

ஜீவனாம்சம் கேட்க வழி தரும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. மதம் இதற்குத் தடையில்லை. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதன் கீழ் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விவாகரத்தான பெண் மறுமணம் செய்யாதவரை கேட்கலாம். மைனர் பிள்ளைகளுக்குத் தனி உரிமை உண்டு. பெற்றோருக்குத் திருமணம் நடக்கவில்லை என்றாலும் அந்த உரிமை போகாது. 18 வயதான, திருமணமாகாத இந்துப் பெண் பிள்ளை 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி தந்தையிடம் கேட்கலாம். மாதம் 500 ரூபாய்தான் என்ற பழைய உச்சவரம்பு 2001-லேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அந்த எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள்.

அவர் இருக்கும் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. நீங்கள் இப்போது வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கே, இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மனு பலவீனமாவது பெரும்பாலும் ஒரே வரியில்: "எதிர்மனுதாரர் நல்ல வருமானம் உள்ளவர்." இதை வைத்து நீதிபதி எந்தத் தொகையையும் கணக்கிட முடியாது. "பனியன் கம்பெனியில் டெய்லர், சனிக்கிழமை வாரக்கூலி, சொந்தமாக ஒரு பைக், ஊரில் அப்பா பெயரில் ஓட்டு வீடு" என்று எழுதினால் அங்கே பேச்சு தொடங்கும். மனுவோடு சொத்து, வருமானம், செலவு, கடன் எல்லாம் காட்டும் பிரமாணப் பத்திரம் இரு தரப்பும் கொடுக்க வேண்டும். இதுவும் அந்த 2020 தீர்ப்பின் கட்டளைதான். உங்கள் பத்திரத்தைக் கவனமாக நிரப்புங்கள். வாடகை, பால், மளிகை, கேஸ், ஸ்கூல் ஃபீஸ், ஆட்டோ, மருந்து எனத் தனித்தனி வரியாக எழுதி, ரசீது இருப்பதற்கு ரசீது வையுங்கள். நீங்கள் வீட்டு வேலைக்கோ கடைக்கோ போய்ச் சம்பாதிப்பதை மறைக்காதீர்கள். சம்பாதிப்பதாலேயே உரிமை போய்விடாது. மறைத்தது குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்குள்ளாகும். "வேலை இல்லை" என்று அவர் சொல்வதும் எடுபடாது. உடல் திடமுள்ள ஆண் கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

திருமணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று தயங்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் போதும்.

இழுபறி பெரும்பாலும் சம்மனில்தான். இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடியவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும், ஆனால் அந்த 60 நாள் நோட்டீஸ் அவர் கைக்குப் போன பிறகே ஓடும். எனவே ஒரே முகவரியோடு நிற்காதீர்கள். பெற்றோர் வீடு, வேலையிடம், செல்போன் எண் எல்லாம் மனுவிலேயே இருக்கட்டும். புதிய சட்டத்தில் மின்னணு வழியாகவும் சம்மன் அனுப்பலாம். அவர் வீட்டில் இல்லையென்றால் உடன் வசிக்கும் வயது வந்த எந்தக் குடும்ப உறுப்பினரும் வாங்கலாம். முன்பு ஆண் உறுப்பினர் மட்டும் என்றிருந்தது, இப்போது அவருடைய அம்மா வாங்கினாலும் செல்லும். வேண்டுமென்றே தவிர்க்கிறார் என்று தெரிந்தால் ஒருதலைப்பட்சமாக விசாரித்து உத்தரவிடலாம். அதைத் தக்க காரணம் காட்டி நீக்கக் கேட்க அவருக்கு மூன்று மாதம் உண்டு. ஆகவே எதிரில் ஆள் இல்லை என்று ஆவணங்களைக் குறைத்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு தாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்திலோ காவல் நிலையத்திலோ நூறு ரூபாய் பத்திரத்தில் "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம், எவ்வித பாத்தியதையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இது விவாகரத்து ஆகாது. ஆனால் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழும் மனைவிக்கு இந்தப் பிரிவில் ஜீவனாம்சம் இல்லை என்பதால், பின்னாளில் அவர் வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், எந்த நெருக்கடியில் போட்டீர்கள் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். நீங்கள் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் குழந்தையின் உரிமை அதில் அடங்காது.

உத்தரவு வந்தவுடன் பணம் வந்துவிடாது. 2024 மார்ச்சில் மனு, 2025 ஜூனில் மாதம் 8,000 ரூபாய்க்கு உத்தரவு என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சும் ஜூனும் சேர்த்து 16 மாதம், நிலுவை 1,28,000. இடையில் கொடுத்தது இருந்தால் கழியும். அவர் தராவிட்டால் அதே கோர்ட்டில் நிறைவேற்று மனு போட வேண்டும். தொகை கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டால்தான் வாரண்ட். இரண்டு வருடம் பொறுத்துவிட்டுப் போனால் முதல் வருடத் தொகைக்கு அந்த வழி மூடிவிடும். உத்தரவு நகல் வாங்கிய அன்றே, அதிலிருந்து பத்தாவது மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வாரண்ட் நெருங்கும்போது வாய்தா அன்று 5,000 ரூபாயைக் கையில் திணிப்பார்கள். வாங்கலாம், ஆனால் நீதிபதி முன் பதிவு செய்யச் சொல்லி வாங்குங்கள். "முழுதும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்து வேண்டாம். வங்கிக் கணக்கில் போடச் சொல்லி உத்தரவிலேயே கேட்பது இதைவிட நல்லது. அவர் மாதச் சம்பளக்காரர் என்றால், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழும் மனு போடுவதை யோசியுங்கள். அதன் 20-ஆம் பிரிவில், தொகையைச் சம்பளத்திலிருந்து நேரடியாக உங்களுக்குக் கொடுக்கும்படி முதலாளிக்கே கோர்ட் உத்தரவிடலாம்.

"ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டேன், கணக்கு முடிஞ்சது" என்று சிலர் சொல்வதுண்டு. நிலுவையான ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை தரலாம், ஆனால் அது கட்ட வைப்பதற்கான நெருக்கடி மட்டுமே. சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் அந்த 1,28,000 ரூபாயை அவர் உங்களுக்குத் தர வேண்டும்.