பார்ன் என்பது களஞ்சியம் அல்ல

ஆக்ஸ்போர்டைச் சுற்றியுள்ள பழைய வீடுகளையும் பண்ணைக் கட்டடங்களையும் காட்டும் ஒரு காணொளி, தமிழ்க் குரலோடு வந்திருந்தது. கிரேட் காக்ஸ்வெல் ஊரின் பெரிய கல் கட்டடம் திரையில் வந்ததும் ‘தானியக் களஞ்சியம்’ என்றார்கள். சற்று நேரத்தில் இன்னொரு பண்ணை. காளான் வடிவக் கற்களின்மேல் தூக்கி நிறுத்திய சின்ன மரக்கட்டடம். அதற்கும் ‘தானியக் களஞ்சியம்’தான். ஆங்கிலத்தில் முதலாவது பார்ன், இரண்டாவது கிரானரி. இரண்டும் வேறு வேறு வேலைக்குக் கட்டியவை. இந்தக் குழப்பத்தை நான் கேட்பது இது முதல்முறை அல்ல. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஆங்கிலத்தில் ‘பெரெ’ என்றால் வாற்கோதுமை. ‘ஏர்ன்’ என்றால் வீடு, இடம். இரண்டும் சேர்ந்து தேய்ந்து ‘பார்ன்’ ஆனது. வாற்கோதுமை வீடு, அவ்வளவுதான். ‘தானிய வீடு என்றால் களஞ்சியம்தானே?’ என்று கேட்பவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு சொல் எதிலிருந்து வந்தது என்பது ஒன்று. அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்பது வேறு.

நம் ஊரில் அறுத்த கட்டு நேராகக் களத்துக்குப் போகும். சாணி மெழுகிய வெட்டவெளி. அடித்து, மாடு கட்டிப் போரடித்து, காற்று வரும்வரை காத்திருந்து, முறத்தை உயர்த்தித் தூற்றினால் பதர் ஒரு பக்கம் பறக்கும், நெல் காலடியில் குவியும். அந்த நெல்தான் குதிருக்கும் பத்தாயத்துக்கும் களஞ்சியத்துக்கும் போகும். எங்கள் பாட்டி களத்திலிருந்து வந்தால் புருவமெல்லாம் தூசியாக இருக்கும். களஞ்சியத்திலிருந்து வந்தால் அப்படி இருக்காது. வித்தியாசம் அவ்வளவு வெளிப்படையானது.

இங்கிலாந்தில் அறுவடை முடிந்ததும் மழையும் குளிரும் வந்துவிடும். வெட்டவெளிக் களம் அங்கே நிற்காது. அதனால் களத்தையே கூரைக்குள் கொண்டுபோனார்கள். அதுதான் பார்ன். வண்டி கதிர்க்கட்டோடு உள்ளே வரும். இரு பக்கமும் கட்டுகளைக் கூரைவரை அடுக்குவார்கள். நடுவில் அடிக்கும் தளம். குளிர்காலம் முழுக்க அங்கே நின்று கோலால் கதிரடிப்பார்கள். நீளச் சுவர்களில் எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள். இரண்டையும் திறந்தால் காற்று குறுக்கே பாயும், தூற்றலாம். அடித்துத் தூற்றிய தானியம் பிறகுதான் கிரானரிக்குப் போகும். எலி ஏறாமல் இருக்கத்தான் அந்தக் காளான் கற்கள்.

கிரேட் காக்ஸ்வெல் பார்னை 1290-களில், சிஸ்டர்சியன் துறவிகளின் பியூலி மடத்துக்காகக் கட்டினார்கள். 152 அடி நீளம், 44 அடி அகலம், 48 அடி உயரம். ஆளுயரக் கல்பீடங்களின்மேல் ஓக் மரத் தூண்கள் இரு வரிசையாக நிற்கும். பக்கத்திலுள்ள கெல்ம்ஸ்காட் மேனர் வீட்டை 1871-இல் வாடகைக்கு எடுத்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ், இந்தப் பார்னைப் பேராலயத்துக்கு இணையாகச் சொன்னவர். நெல்மூட்டை அடுக்க யாரும் இப்படி ஓர் உயரம் கட்டமாட்டார்கள். கதிரும் தாளுமாக அடுக்கத்தான் இவ்வளவு இடம் வேண்டும்.

1830-இல் கென்ட்டில் தொடங்கித் தென் இங்கிலாந்து எங்கும் கூலித்தொழிலாளர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். குளிர்காலத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது பார்னுக்குள் நடந்த கதிரடிப்பு. இயந்திரம் அதைப் பறித்தது. ‘களஞ்சியத்தில் வேலை போனது’ என்று மொழிபெயர்த்தால் இந்த வரலாறு யாருக்குப் புரியும்?

தமிழ் விவிலியத்தில் ‘களஞ்சியம்’ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பொருத்தமாகவும் இருக்கிறது. அங்கே களமும் களஞ்சியமும் தனித்தனி. களத்தில் தூற்றிய கோதுமைதான் களஞ்சியத்துக்குப் போகிறது. அது பாலஸ்தீனத்து வெயில். அந்தச் சொல்லை அப்படியே ஆக்ஸ்போர்டு மழைக்குத் தூக்கிவருவதுதான் தவறு.

‘தொழுவம்’ இதைவிட மோசம். பழைய பார்ன்கள் பல இப்போது திருமண மண்டபங்கள். அதை ‘தொழுவத்தில் நடந்த திருமணம்’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மணமக்களை மாட்டோடு நிறுத்திவிட்டார்கள்.

சரி, என்ன சொல்வது? ‘கதிர்க்கூடம்’ பொருளில் சரிதான். ஆனால் இன்றைய வாசகர் எக்ஸ்ரே எடுக்கும் அறை என்று நினைப்பார். ‘போர்க்கூடம்’ என்றால் வைக்கோல்போர் யாருக்கும் நினைவுக்கு வராது, சண்டைதான் வரும். ‘கொட்டகை’ நல்ல சொல். அது வடமொழி என்று சிலர் ஒதுக்குவார்கள், எனக்கு அந்தக் கவலை இல்லை. கீற்றும் மூங்கிலும் கண்முன் வருவதுதான் குறை. எழுநூறு ஆண்டுக் கல்லும் ஓக்கும் வராது. நான் ‘களக்கூடம்’ என்கிறேன். களம் உள்ளே இருக்கிறது, மேலே உறுதியான கூரை இருக்கிறது. பள்ளிக்கூடம் என்று நாளும் சொல்லும் வாய்க்கு இது கடினமில்லை.

‘டைத் பார்ன்’ என்பதற்குத் தசமபாகக் களக்கூடம் எனலாம். டைத் என்றாலே பத்தில் ஒன்று. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்கு அளந்தார்கள். 1836-இல் வந்த சட்டம்தான் அதைப் பணமாக மாற்ற வழிசெய்தது. ஆனால் பெரிய பழைய பார்னையெல்லாம் அப்படி அழைக்கக் கூடாது. கிரேட் காக்ஸ்வெல்லில் சேர்ந்தது மடத்தின் சொந்தப் பண்ணை விளைச்சல். ஆங்கிலேயரே இதில் தவறுவதுண்டு, நாமும் சேர்ந்து தவற வேண்டாம்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ‘மேனர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கெல்ம்ஸ்காட்டை ‘அரண்மனை’ என்கிறார்கள். அது 1600-ஐ ஒட்டி ஒரு விவசாயக் குடும்பத்துக்காக எழுந்த கல் வீடு. ‘பண்ணை வீடு’ என்றால் சரியாக இருந்திருக்கும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல் குளத்தோடு விடுமுறை பங்களா கட்டியவர்கள் அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். இனி அதைக் ‘குடியானவர் வீடு’ என்றுதான் எழுதப்போகிறேன். காளான் கல்மேல் நிற்கும் அந்தச் சின்ன மரக்கட்டடத்துக்கு மட்டும் ‘களஞ்சியம்’ அப்படியே இருக்கட்டும்.