இம்பெராத்தோர் என்றால் பேரரசர் இல்லை

ரோமானிய வெள்ளிக்காசுகளைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ‘இம்பெராத்தோர்’ என்ற இலத்தீன் பட்டம் வரும் இடத்தில் ‘பேரரசர்’ என்று போட்டுவிடுகிறார்கள். அண்மையில் படித்த கட்டுரையில் ‘பேரரசர் புரூட்டஸ் வெளியிட்ட தெனாரியஸ்’ என்றே இருந்தது. (தெனாரியஸ் என்பது அந்த வெள்ளிக்காசின் பெயர்; புரூட்டஸ், சீசரைக் கொன்றவர்களில் ஒருவர்.) ரோமில் ஒருத்தர் அரசராகிவிடக் கூடாது என்றுதானே அந்த மனிதர் கத்தியையே எடுத்தார்!

சொல்லின் பிறப்பு எளிது. இலத்தீனில் ‘இம்பெராரே’ என்றால் ஆணையிடுதல், ஆணையிடுபவர் இம்பெராத்தோர். குடியரசுக் காலத்தில், வென்ற தளபதியைப் படைவீரர்களே களத்தில் இப்படி முழங்கி வாழ்த்துவார்கள். ரோமுக்குத் திரும்பி வெற்றி ஊர்வலம் முடியும்வரை பட்டம் பெயரோடு ஒட்டி நிற்கும். முடியும் கிடையாது, அரியணையும் கிடையாது.

கி.மு. 42 வாக்கில் புரூட்டஸ் அடித்த காசையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் அவர் தலை, கூடவே ‘புருட் இம்ப்’, அதாவது ‘புரூட்டஸ் இம்பெராத்தோர்’ என்பதன் சுருக்கம். பின்பக்கம் இரண்டு குத்துவாள்கள். நடுவில், விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய். அடியில், சீசர் கொல்லப்பட்ட மார்ச் 15ஐச் சொல்லும் எழுத்து. முன்பக்கத்துக்குப் ‘பேரரசர்’ என்று விளக்கம் எழுதுகிறவர் காசைத் திருப்பியே பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அகஸ்டஸ் காசில் கூத்து இன்னும் அதிகம். லுக்துனத்தில், அதாவது இன்றைய லியோனில், அடித்த தெனாரியஸ் ஒன்றில் முட்டப் பாயும் காளை. அதன் காலடியில் ‘இம்ப்’, பக்கத்தில் ரோமானிய எண் பத்து. பேரரசர் கணக்குப்படி இவர் பத்தாம் பேரரசரா? அந்த வரிசையே இவரிடம்தானே தொடங்குகிறது! பத்தாம் முறையாக வெற்றி முழக்கம் பெற்றார், அவ்வளவுதான் செய்தி.

சரி, ‘பேரரசர்’ பொருந்தும் இடமே இல்லையா? உண்டு. வெஸ்பாசியன் ஆட்சிக்கு வந்த கி.பி. 69க்கு அப்புறம் ‘இம்பெராத்தோர்’ ஆள்பவரின் பெயருக்கு முன்னால் நிலையாக உட்கார்ந்துவிட்டது. அந்தக் காசுகளுக்குப் பேரரசர் என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். சிக்கல் எங்கே என்றால், நம் மொழிபெயர்ப்பாளர்கள் இலத்தீனைப் பார்ப்பதில்லை. இதிலிருந்து பிறந்த ‘எம்பரர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தாவி, அங்கிருந்து தமிழுக்குத் தாவுகிறார்கள். கொங்குப் பகுதியில் புதையல்களாகக் கிடைத்த, அகஸ்டஸுக்கு அடுத்து ஆண்ட திபேரியஸின் காசுகளில் தலையைச் சுற்றி ‘சீசர்’, ‘அகஸ்டஸ்’ என்றுதான் இருக்கிறது. அதற்கும் பேரரசர்தான்!

இம்பெராத்தோரை ‘ஏனாதி’ என்று சொல்லலாமே என்பார் சிலர். அருமையான சங்கச் சொல். ஆனால் ஏனாதிப் பட்டம் படைத்தலைவருக்கு மன்னர் கொடுப்பது, மேலிருந்து வருவது. இது வீரர்கள் கொடுத்தது. ‘தளபதி’ என்றால் வெறும் பதவி, தோற்றவரும் தளபதிதான்.

நான் ‘வாகைத்தலைவர்’ என்றே எழுதுகிறேன். எண்ணோடு வந்தால் ‘பத்தாம் வாகை’. அருங்காட்சியக விளக்கச் சீட்டிலும் அடங்கும்.