போன் லைனில் வருவது இலவச கரண்ட் இல்லை

"லேண்ட்லைன் எந்நேரமும் எங்கேஜ்டாகவே இருக்கிறது" என்று புகார். சுவரில் உள்ள பெட்டியைத் திறந்தால், லைன் வயர் ஏறும் இரண்டு ஸ்க்ரூவிலிருந்தும் ஒரு எல்.இ.டி. விளக்குக்கு வயர் இழுத்திருக்கிறது. மறுபடியும்! இதை எத்தனை முறைதான் கழற்றுவது?

லைனில் கரண்ட் இருப்பது உண்மை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி செல்கள் 24 தொடராக நிற்கின்றன. செம்பு அரிக்காமலிருக்க பாசிட்டிவ் முனையை எர்த் செய்திருப்பதால், லைனில் மைனஸ் 48 வோல்ட் டிசி. வீட்டில் கரண்ட் போனாலும் பழைய வயர் போன் பேசுவது இந்த பேட்டரியால்தான்.

"48 வோல்ட் சும்மாதானே கிடக்கிறது?" என்கிறார்கள். சும்மா கிடக்கவில்லை. மீட்டரில் தெரியும் 48, யாரும் கரண்ட் இழுக்காதவரைதான். கரண்டைத் தடுக்கும் ரெசிஸ்டன்ஸ் எக்ஸ்சேஞ்ச் பக்கம் 400 ஓம், லைன் வயரில் 1000 ஓம் என்று வையுங்கள். என்ன செய்தாலும் சுமார் 0.4 வாட்டுக்கு மேல் கிடைக்காது. சாதாரண மொபைல் சார்ஜரே 5 வாட்.

அதைவிட முக்கியம், ரிசீவரை எடுத்தீர்களா இல்லையா என்பதை எக்ஸ்சேஞ்ச் கரண்டை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. விளக்கு 20 மில்லி ஆம்பியர் இழுத்தால், ரிசீவர் எடுத்ததாக நினைத்து டயல் டோன் கொடுக்கும். நம்பர் எதுவும் வராததால் லைனை ஒதுக்கி வைத்துவிடும். அவசரத்துக்கு யார் கூப்பிட்டாலும் மணி அடிக்காது. ரெசிஸ்டர் போட்டு 2 மில்லி ஆம்பியர் மட்டும் எடுக்கிறேன் என்றால், லைன் டெஸ்டில் அது கேபிளில் ஈரம் இறங்கியது போலத் தெரியும். இல்லாத கோளாறைத் தேடி லைன்மேன் அலைவார்.

"ஷாக் அடிக்காது" என்பதும் தவறு. மணி அடிக்கும்போது அதே வயரில் 75 முதல் 90 வோல்ட் ஏசி வருகிறது, 20 அல்லது 25 ஹெர்ட்ஸில். ஈரக் கையோடு, வயரைப் பல்லால் கடித்து உரிக்கும்போது மணி அடித்தால் என்ன ஆகும்? வேலை பார்க்கும் முன் உள்ளே வரும் லைனைக் கழற்றுங்கள். முடியாவிட்டால் அதே லைனில் இன்னொரு போனின் ரிசீவரை எடுத்து வையுங்கள். வோல்டேஜ் 6 முதல் 10 வரை இறங்கிவிடும், மணியும் வராது. இடி மின்னலின்போது வயர் போனில் பேசவே பேசாதீர்கள்.

ஃபைபருக்கு மாறியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடி இழையில் கரண்ட் வராது. வீட்டில் கரண்ட் போனால் மோடமும் போனும் சேர்ந்தே அணையும். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடென்றால் மோடத்துக்கு ஒரு பேட்டரி பேக்கப் கட்டாயம் வையுங்கள்.

செம்பு லைனில் சந்தேகம் வந்தால், எல்லா போனையும், வீட்டுக்குள் போகும் வயரையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் லைனில் மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள். 48க்குப் பக்கத்தில் இருந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள். வெகுவாகக் குறைந்திருந்தால் வெளியே, புகார் கொடுங்கள்.