அஸ்டேபிள் மல்ட்டிவைப்ரேட்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

அஸ்டேபிள் மல்ட்டிவைப்ரேட்டர் என்பது யாரும் தொடாமலே மாறி மாறி ஆன், ஆஃப் ஆகிக்கொண்டிருக்கும் சர்க்யூட். 555 டைமர் ஐசியை வைத்து எல்இடி மினுக்கிப் பார்த்த எல்லாருமே கட்டியது இதைத்தான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நிலையற்ற பல்லதிர்வி’ என்று வரும். இதில் பின்பாதி சரி, முன்பாதியில்தான் எனக்குச் சண்டை.

முதலில் பின்பாதி. ஆன்ரி ஆப்ரகாம், யூஜீன் ப்ளோக் என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் இரண்டு ட்ரையோடு வால்வுகளை (டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய்கள்) ஒன்றின் வாலை மற்றொன்றின் வாயில், அதாவது வெளியீட்டை உள்ளீட்டில், கொடுத்து இணைத்தார்கள். 1919-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ‘மல்ட்டி’ என்பதற்குப் பல நிலைகள் என்று பொருள் கொள்கிறவர்கள் உண்டு, அது தவறு. அதிலிருந்து வந்த அலையில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் ஏராளமாகக் கலந்திருந்தன. பல அதிர்வுகள் என்பதால் அந்தப் பெயர். ஆகவே ‘பல்லதிர்வி’ பொருத்தமானதே.

‘அஸ்டேபிள்’ ஒரு கலப்புச் சொல். ‘அ’ கிரேக்க எதிர்மறை முன்னொட்டு. ‘ஸ்டேபிள்’ நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழிலும் ‘நில்’ என்பதிலிருந்துதான் ‘நிலை’. வேர் வரைக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் ‘நிலையற்ற’ என்றால் நம் காதில் ‘நம்ப முடியாத’ என்றுதான் விழுகிறது. இந்தச் சர்க்யூட் அப்படியில்லை.

9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது என்று வையுங்கள். ஐசியின் 8-ஆம் காலுக்கும் (பேட்டரியின் பிளஸ் வருமிடம்) 7-ஆம் காலுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 7-க்கும் 6-க்கும் நடுவே 68 கிலோ ஓம், 6-ஐயும் 2-ஐயும் சேர்த்து அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் 6 வோல்ட் வரை ஏறும். ஏறியதும் ஐசி அதை 7-ஆம் கால் வழியே வடித்துவிடும். 3 வோல்ட்டுக்கு இறங்கியதும் மறுபடி ஏற விடும். மேலேயும் தங்காது, கீழேயும் தங்காது. 3-ஆம் காலில் எல்இடி நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை மினுக்கும். கெப்பாசிட்டரை மட்டும் கழற்றிவிட்டு, ‘103’ என்று அச்சிட்ட 10 நானோஃபாரட்டைச் செருகினால் வேகம் ஆயிரம் மடங்காகும். எல்இடி அணையாமல் எரிவதுபோல் தெரியும், ஸ்பீக்கரில் ‘கீ’ என்று கேட்கும்.

இப்படி ஓரிடத்தில் இருக்காமல் அலைவதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: பரீட்சை முடிவு வரும் நாளில் பிள்ளை இருப்புக்கொள்ளாமல், நிலைகொள்ளாமல் தவிக்கும். ஆகவே ‘நிலைகொள்ளாப் பல்லதிர்வி’ என்பேன். இதன் உடன்பிறப்புகளில், ஒரே நிலையில் மட்டும் தங்கும் மோனோஸ்டேபிளுக்கு ‘ஒருநிலை’, இரண்டு நிலையிலும் தங்கும் பைஸ்டேபிளுக்கு ‘இருநிலை’ என்று வைத்தால் மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

ஒருமுறை 4-ஆம் காலை, அதாவது ஐசியை நிறுத்திவைக்கும் ரீசெட்டை, 8-உடன் இணைக்க மறந்து அந்தரத்தில் விட்டிருந்தேன். மிகச் சிறிய மின்னேற்றத்துக்கும் அசைந்துகொடுக்கும் சீமாஸ் (CMOS) வகை ஐசி அது. கையைக் கிட்டே கொண்டுபோனால் மினுக்கல் நிற்கும், எடுத்தால் ஓடும். ‘நிலையற்ற’ என்ற சொல்லை அந்தச் சர்க்யூட்டுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.