மேலதிகாரி திட்டினால் முதுகெலும்பு அமுங்குமா?

பெட்டி அதேதான். எடை மாறவில்லை, தூக்கும் ஆளும் மாறவில்லை. பக்கத்தில் நிற்பவர் சிடுசிடுத்தால் மட்டும் முதுகெலும்பின் மேல் விழும் சுமை கூடுமா? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மாராஸ் குழுவினர் இதைச் சோதித்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். 25 பேரைப் பெட்டிகள் தூக்க வைத்தார்கள். ஒரு கட்டத்தில் சோதனை நடத்தியவர்கள் தன்மையாகப் பேசினார்கள், பாராட்டினார்கள். இன்னொரு கட்டத்தில் எது செய்தாலும் குறை, கடுகடுப்பு. உடம்பில் ஒட்டியிருந்த மின்முனைகள் வயிறு, முதுகுத் தசைகள் எவ்வளவு இறுகுகின்றன என்று பதிவு செய்தன. அதை வைத்து இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மேல் விழும் அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். திட்டு வாங்கும்போது அழுத்தம் கூடியிருந்தது.

எல்லோருக்கும் ஒரே அளவில் கூடவில்லை. அதிகம் பேசாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சுபாவக்காரர்களுக்கு நன்றாகவே ஏறியது.

நடப்பது இதுதான். குனிந்து ஒரு பொருளைத் தூக்கும்போது முதுகுத் தசைகள் இழுக்க வேண்டும், முன்னால் உள்ள வயிற்றுத் தசைகள் ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டும். பதற்றத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்தே இறுகுகின்றன. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் இழுக்க, நடுவில் இருக்கும் எலும்பும், எலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் டிஸ்க்கும் அமுங்குகின்றன. பெட்டிக்குத் தேவையே இல்லாத இந்தச் சுமையை ஏற்றுவது நம் தசைகளேதான்.

சரி, நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்கு? கையை அசைக்காமல், நேர நெருக்கடியில் மனக்கணக்கு போட வைத்தாலே கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசை இறுகுவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். ஒரு தசையில் சில இழைகள் சின்ன வேலைக்கும் முதல் ஆளாக இறங்கும், கடைசி ஆளாகத்தான் ஓய்வெடுக்கும். வீட்டில் எல்லோருக்கும் முன் எழுந்து எல்லோருக்கும் பின் படுக்கும் சிண்டிரெல்லாவின் பெயரையே ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் ஹேக் இவற்றுக்கு வைத்தார். மனதின் இறுக்கம் குறையும்வரை இவற்றுக்கு விடுமுறை இல்லை. ஆனால் இது இன்னும் கருதுகோள்தான். அதுவும் இடுப்பைவிடக் கழுத்துவலிக்கே அதிகம் பொருந்துகிறது.

தசையோடு விஷயம் முடியவில்லை. முதுகிலிருந்து ஏறும் வலிச் செய்தியைத் தணிக்கவும் கூட்டவும் மூளை தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தூக்கம் கெட்டால் தணிக்கும் வேலை மந்தமாகிவிடும், வலியோ தூக்கத்தை இன்னும் கெடுக்கும். வலி கற்பனை என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

வேலையிடத்து மனநிலைக்கும் முதுகுவலிக்கும் உள்ள தொடர்புக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, போயிங் விமானத் தொழிற்சாலையில் 3,020 ஊழியர்களைச் சுமார் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1991இல் வெளியான ஆய்வு. வேலை பிடிக்கவே இல்லை என்றவர்கள், வேலையை ரசித்தவர்களைவிட 2.5 மடங்கு அதிகமாக முதுகுப் பிரச்சினையைப் பதிவு செய்தார்கள். இதை வைத்து "முதலாளிதான் காரணம்" என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். ஆய்வு எண்ணியது நிர்வாகத்திடம் வந்த புகார்களை. வேலையை நேசிப்பவர் அதே வலியைப் பொறுத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். ஏற்கெனவே முதுகுவலி வந்தவருக்கே மறுபடி வருவதும் இதே ஆய்வில் வலுவாகத் தெரிந்தது.

வலி வந்ததும் ஸ்கேனுக்கு ஓடுகிறோம். அறிக்கையில் "டிஸ்க் தேய்மானம்" என்றிருந்தால் பயம் வேறு சேர்ந்துகொள்கிறது, குனியவே தயங்குகிறோம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு இந்தத் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். பெரும்பாலான முதுகுவலிக்குப் படுத்துக் கிடப்பதைவிட நடமாடுவதே நல்லது. காலில் பலம் குறைவது, மலஜலக் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, வலியோடு காய்ச்சல் அல்லது காரணமில்லாத எடையிழப்பு, விழுந்து அடிபட்ட பின் வரும் கடும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் "ஆபீஸ் டென்ஷன்தான்" என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.