செருகியே கிடக்கும் பேக்கப்

சிறு நிறுவனங்களுக்கு ஐடி பராமரிப்புப் பார்ப்பது என் தொழில். புது இடத்துக்குப் போனதும் "பேக்கப் இருக்கா சார்?" என்று கேட்பேன். இல்லை என்று சொல்பவர்கள் குறைவு. கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் ஓடும் சர்வருக்குப் பின்னால் கிடக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் காட்டுவார்கள். வாங்கிய நாளிலிருந்து அதைக் கழற்றியே இருக்க மாட்டார்கள்.

சிக்கலே அங்கேதான். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வந்தால் எழுத முடிகிற இடத்தையெல்லாம் பூட்டிக்கொண்டே போகும். செருகிய டிஸ்க் அதற்கு இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். "கூகுள் டிரைவில் சிங்க் ஆகுதே" என்பார்கள். பூட்டப்பட்ட ஃபைலும் சேர்ந்துதான் சிங்க் ஆகும்.

பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 2017 ஜூனில் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியது. அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர்கள், அதாவது நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்று தீர்மானிக்கும் சர்வர்கள், ஒன்றுக்கொன்று நகலாக ஓடியவை. அந்தத் தைரியத்தில் இருந்தார்கள். எல்லாம் ஒரே வீச்சில் போயின. தப்பியது கானா அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும், அதுவும் அங்கே கரண்ட் போயிருந்ததால்! அப்படியும் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

நாம் கரண்ட் கட்டை நம்பி உட்கார முடியாது. இரண்டு டிஸ்க் வாங்கி, மாற்றி மாற்றிச் செருகுங்கள். ஒன்று எப்போதும் பீரோவில் இருக்கட்டும். முதலாளி வீட்டுப் பீரோ என்றால் இன்னும் நல்லது.

அப்புறம் ரீஸ்டோர், அதாவது பேக்கப்பிலிருந்து திரும்ப எடுப்பது. மாதம் ஒருமுறை வேறொரு லேப்டாப்பில் பேக்கப்பை இறக்கி, கடைசியாகப் போட்ட வவுச்சர் இருக்கிறதா என்று அக்கவுண்டன்ட்டையே பார்க்கச் சொல்வேன். ஓர் அலுவலகத்தில் 'பேக்கப் சக்சஸ்' என்று தினமும் மெயில் வந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தால் புது நிதியாண்டுக் கணக்கே இல்லை. ஏப்ரலில் கம்பெனி டேட்டாவை நிதியாண்டுவாரியாகப் பிரித்தபோது கணக்கு புது ஃபோல்டருக்குப் போய்விட்டது. சாஃப்ட்வேர் மட்டும் பழைய ஃபோல்டரையே விசுவாசமாக நகலெடுத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு செய்தும் ஒருநாள் திரையில் பணம் கேட்டு மெசேஜ் வந்தால், முதலில் லேன் கேபிளைப் பிடுங்கி வைஃபையை அணையுங்கள். 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குள் பதறிப்போய், பீரோவில் இருக்கும் நல்ல டிஸ்க்கை எடுத்துவந்து அதே சர்வரில் செருகிவிடாதீர்கள்.